பால்கனிக்குப் பசுமைக் குடில் தேவையா?

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பொருள் வாங்குவதென்றால் நம்மவர்கள் நாலு பேரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். குக்கரானாலும் சரி, மின்விசிறியானாலும் சரி, பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் பணத்தை எடுப்பதில்லை. ஆனால் சமீப காலமாக வைட்ஃபீல்ட் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் ஒரு பொருளை மட்டும் யாரையும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். குழாய்ச் சட்டம், அதன்மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறை, முன்பக்கம் ஜிப் வைத்த கதவு, உள்ளே மூன்று தட்டு. ‘பால்கனி பசுமைக் குடில்’ என்று அதற்குப் பெயர். சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. படத்தில் பார்த்தால் மனசு குளிர்கிறது. வாங்கி வைத்த பிறகு செடிதான் வேகிறது.

நானும் வாங்கியவன்தான். எங்கே வாங்கினேன் என்பது வேண்டாம். கேட்காமல் வாங்கிய குற்றம் என்னுடையது. தர்மபுரிப் பக்கத்தில் இருக்கும் என் தாயார் நாட்டுத் தக்காளி விதையைச் சாம்பலில் புரட்டிக் காய வைத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். தட்டில் விதைத்தேன். ஐம்பது நாற்றுக்குக் குறையாமல் வந்தது. பிப்ரவரி கடைசியில், ஊரில் ஒரு விசேஷத்துக்காகச் சனிக்கிழமை கிளம்பும்போது, புறாத் தொல்லைக்குப் பயந்து ஜிப்பை நன்றாக இழுத்து மூடிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலையில் வந்து திறந்தால் குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. நாற்றெல்லாம் வெந்த கீரைபோலத் தட்டில் படுத்துக் கிடந்தது.

தாயாருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நாத்துக்கு நிழல் வேணும்டா. புழுக்கத்துல வெச்சா என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்டார். படிக்கத் தெரியாத அவருக்குத் தெரிந்தது, கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பசுமைக் குடில் என்பது குளிர் தேசத்தார் கண்ட உபாயம். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகிறது. மண்ணும் செடியும் சூடேறுகின்றன. அவற்றை ஒட்டியிருக்கும் காற்றும் சூடாகிறது. திறந்த வெளியானால் சூடான காற்று மேலே கிளம்பிப் போய், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வந்துவிடும். கண்ணாடிக்குள் அதற்கு வழியில்லை. ஆகவே உள்ளே வெப்பம் சேர்ந்துகொண்டே போகிறது. லண்டனிலும் ஹாலந்திலும் பனி கொட்டும் மாதங்களில் இது செடிக்குப் போர்வை. பெங்களூரிலோ மார்கழி இரவில்கூட 15 டிகிரியை ஒட்டித்தான் குளிர் இருக்கும். தக்காளியும் மிளகாயும் அந்தக் குளிரில் கொஞ்சம் மந்தமாக வளருமே தவிர, செத்துப் போவதில்லை. கோடையின் கதை வேறு. 2016 ஏப்ரலில் இந்த நகரத்தில் 39.2 டிகிரி பதிவாயிற்று. வெளியிலேயே அவ்வளவு என்றால், மேற்கு வெயில் படும் பால்கனியில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் என்ன ஆகும் என்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. லண்டனில் வார்டு என்று ஒரு டாக்டர். அவருக்குப் பெரணிச் செடிகளின்மேல் ஆசை. ஆனால் ஆலைப் புகையில் அவை பிழைக்கவில்லை. 1829-ம் ஆண்டு வாக்கில், அந்துப்பூச்சியின் கூட்டை ஒரு மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணோடு வைத்திருந்தார். பூச்சியைப் பார்க்கப் போனவர், புட்டிக்குள் தானாக முளைத்த பெரணியைப் பார்த்தார். மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் பட்டு மறுபடியும் நீராகி மண்ணுக்கே இறங்கியது. வெளிப் புகை உள்ளே வரவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ‘வார்டு பெட்டி’. சீனத்துத் தேயிலைச் செடி இமயமலைச் சாரலுக்குக் கப்பலேறி வந்தது இந்தப் பெட்டியில்தான். மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தரும் சிங்கோனாவைத் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவர மார்க்கம் என்ற வெள்ளைக்காரர் புறப்பட்டபோதும் இதே பெட்டிகள்தான். செடிகள் வந்த பின்னால் மலைத் தோட்டங்களுக்கு நம் பாட்டன் பூட்டன்மார் கூலிகளாகப் போனது தனிக் கதை. நான் சொல்ல வந்தது வேறு. 1860-ல் மார்க்கம் அப்படிக் கொண்டு வந்த செடிகள் பெருவைத் தாண்டின, கடலைத் தாண்டின. செங்கடல் வெயிலைத்தான் தாங்கவில்லை. பெரும்பாலானவை பட்டுப்போயின. அடுத்த ஆண்டு வேறு சிலர் அனுப்பியவையே உதகையில் நிலைத்தன. பெட்டி புகையிலிருந்து காக்கும், உப்புக் காற்றிலிருந்து காக்கும். வெயிலில் வைத்தால் அதுவே அடுப்பு. இது தெரிய வந்து நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“அப்படியானால் லால்பாக்கில் கண்ணாடி மாளிகை இருக்கிறதே?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1889-ல் ஆல்பர்ட் விக்டர் இளவரசர் அடிக்கல் நாட்ட, ஜான் கேமரான் தோட்ட மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் எழும்பியது அது. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க் கண்காட்சி பார்க்கப் போகாத பெங்களூர்த் தமிழர் குறைவு. அடுத்த முறை போகும்போது பூவை மட்டும் பார்க்காமல், மாளிகையையும் நிமிர்ந்து பாருங்கள். எத்தனை உயரம்! காற்று எத்தனை தாராளமாக உள்ளே வந்து போகிறது! ஆயிரம் பேர் உள்ளே நெருக்கியடித்தும் மூச்சு முட்டுவதில்லை. இரும்பும் கண்ணாடியும் சீமைப் பாணி என்றாலும், அது இங்கே செய்கிற வேலை பந்தலின் வேலை. அதையும் ஜிப் வைத்த பெட்டியையும் ஒரே பெயரால் அழைப்பது, ரதத்தையும் ரிக்‌ஷாவையும் ஒன்றாகச் சொல்வது போல.

லால்பாக் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய அந்தத் தோட்டத்திலும், பழைய பெங்களூரைச் சுற்றியிருந்த காய்கறி, பூந்தோட்டங்களிலும் மண்ணைக் கொத்தியவர்களில் முக்கியமானவர்கள் திகளர்கள். தமிழ் நாட்டிலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட தோட்டக்கார சமூகம். தர்மராயர் கோயில் கரகம் அவர்கள் எடுப்பதுதான். இந்த ஊரைப் பூங்கா நகரம் என்று புகழ்கிறபோது, அந்தப் புகழில் நம் மொழி பேசிய கைகளுக்கும் பங்குண்டு என்பதை நினைத்துக்கொள்வதில் தவறில்லை. அந்தக் கைகளுக்குப் பிளாஸ்டிக் உறை தேவைப்படவில்லை.

வைட்ஃபீல்டின் பிறப்பும் மண்ணோடு சேர்ந்ததே. 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் சுமார் 3,900 ஏக்கர் நிலத்தை ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்குக் கொடுத்தார். சங்கத்தை நடத்திய டி. எஸ். வைட் என்பவரின் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது. உத்தியோகத்தை நம்பியிருந்த குடும்பங்கள் விவசாயம் செய்து பிழைக்கட்டும் என்பது நோக்கம். இன்று அங்கே ஏக்கரை யார் பேசுகிறார்கள்? சதுர அடிதான் பேச்சு. எட்டடிக்கு நாலடி பால்கனி நமக்கு வாய்த்த நிலம். அதிலும் துணி காயப்போடக் கொடி, கேஸ் சிலிண்டர், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். மீதியிருக்கும் மூலையில் நான்கு தொட்டி வைக்க நினைப்பவனிடம் போய்ப் பெட்டியை விற்றுவிடுகிறார்கள்.

நமக்கு வேண்டியது பந்தல்தான். செய்வதும் சுலபம். பாதி நிழல் தரும் பச்சை வலை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. கட்டிட வேலை நடக்கும் இடங்களில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு அண்ணன் தம்பி. பால்கனியின் கம்பிக்கும் மேல் கொக்கிக்கும் இடையே இழுத்துக் கட்டினால் வெயிலும் குறையும், புறாவும் வராது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் நாற்று அழுகாமலிருக்க மேற்பக்கம் மட்டும் ஒரு பாலிதீன் விரிப்பு. பக்கங்களை மூடவே கூடாது. பாலிதீனும் வெயில் தாங்கும் ரகமாக, 200 மைக்ரான் கனத்தில் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரகம் ஒரு கோடையில் பொடிப்பொடியாக உதிர்ந்து, பால்கனி பூராவும் பிளாஸ்டிக் தூளாகிவிடும். ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம். உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சட்டத்தின்மேல் வலையைப் போர்த்துங்கள். நான் அதைத்தான் செய்திருக்கிறேன். தட்டுகள் மூன்றும் உபயோகமாகின்றன. ஆனால் சட்டத்தைக் கம்பியோடு கட்டாமல் விடக்கூடாது. சித்திரை மாதத்து இடிமழைக் காற்று ஏழாவது மாடியில் எப்படி வீசும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். கீழே நடப்பவன் தலையும் தலைதான்.

காற்று வருவதில் இன்னொரு லாபம். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது; ஆனால் பூ சற்றே குலுங்க வேண்டும். வெளியில் காற்றும் வண்டும் குலுக்கிவிடும். மூடிய பெட்டிக்குள் பூத்துப் பூத்து உதிரும், காய் நிற்காது. உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கொட்டிக்கொண்டிருப்போம். புழுக்கத்தில் வெள்ளை ஈயும் சாம்பல் நோயும் வேறு சேர்ந்துகொள்ளும்.

வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் ஒன்றும் விளையாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெங்களூர் 13-வது பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரையில் உச்சி வேளைச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறான். ஆகவே அந்த மாதங்களில் வடக்குப் பால்கனிக்கும் வெயில் உண்டு. மற்ற மாதங்களில் அங்கே புதினா, கற்பூரவல்லி போதும். தெற்குப் பார்த்தவர்களுக்குக் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வெயில் சாய்வாக உள்ளே வரை வரும்; தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அதுவே பருவம். கிழக்கு வெயில் கீரைக்குப் பிரமாதம். மேற்குப் பக்கம் வாய்த்தவர்கள் வலையை முதலில் வாங்கிவிட்டுச் செடியைப் பிறகு வாங்கலாம். வாடகைக்கு வீடு பார்க்கும்போது வாஸ்து பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

எதை வளர்ப்பது என்பதில் பேராசை கூடாது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறி பால்கனியில் விளையாது. விளைவதாகச் சொல்பவர்கள் கணக்கு எழுதிப் பார்க்காதவர்கள். ஆனால் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முளைக்கீரை விஷயம் அப்படியில்லை. தள்ளுவண்டியில் ‘சொப்பு, சொப்பு’ என்று கூவி வருபவரிடம் ஒரு கட்டு வாங்கினால், பாதி அன்று குழம்புக்கு, மீதி மறுநாள் குப்பைக்கு. வெந்தயம் மூன்று வாரத்தில் கிள்ளலாம். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள். வேண்டியபோது வேண்டிய அளவு கிள்ளுவதுதான் இதன் லாபம். ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்துவிட்டால் ரசத்துக்குத் தாளிக்கும்போது வீட்டில் ஒரு சந்தோஷம் வருகிறதே, அதை ரூபாயில் எழுத எனக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். தண்ணீர்.

2024 மார்ச்சில் இந்த நகரம் பட்ட பாடு மறந்திருக்காது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. வைட்ஃபீல்ட், மகாதேவபுரம் பக்கத்தில் டாங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தோம். குடிநீரைத் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் உபயோகித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அந்த உத்தரவு சரியானதுதான். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாவது கட்டத் திட்டம் தொடங்கி, 2007-ல் மாநகரோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்காக நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு வழி பிறந்தது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அது சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மின்சாரத்தால் மேடேற்றி வரும் தண்ணீர். காவிரி என்ற பெயரைச் சொன்னாலே இரண்டு மாநிலத்திலும் என்னென்ன கிளம்பும் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்த நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். அந்த நீரைக் குழாயில் பிடித்து நாம் தொட்டிச் செடிக்கு ஊற்றக் கூடாது. ஊற்ற வேண்டிய அவசியமும் இல்லை. நிழல்வலைக்குள் இருக்கும் இருபது சிறு தொட்டிக்குத் தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் பத்து லிட்டர். அரிசி களைந்த தண்ணீர், பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர், குடிநீர் சுத்திகரிக்கும் கருவியிலிருந்து வீணாக ஒழுகும் தண்ணீர் ஆகியவற்றை ஒரு வாளியில் சேர்த்தால் அந்தப் பத்து லிட்டர் வந்துவிடும். கருவியின் கழிவு நீரில் உப்பு அதிகம். அதை மட்டும் தனியாக ஊற்றாமல் மற்றதோடு கலந்து ஊற்றுவது நல்லது.

ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் நம் பொறுப்பு. என் கீழ்வீட்டுக் கன்னட அம்மாள் ஒரு நாள் மேலே வந்து, பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக, “சார், நிம்ம தோட்டத்து மழை நம்ம துணி மேலே” என்றார். செம்மண் கலங்கல் சொட்டி, வெள்ளைச் சேலையில் வரிவரியாக இறங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன், சேலையைச் சலவைக்குக் கொடுத்துக் காசும் கொடுத்தேன். வெளியூரிலிருந்து வந்து பிழைக்கிறவர்களுக்கு அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம் முன்பணத்தைவிடப் பெரிது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் சொட்டாது. ஆனால் தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர்ந்துவிடும். 2024-ல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய் என்று அறிவித்து, கொசு வளர விடுவோருக்கு அபராதமும் வைத்தது. வாரம் இருமுறை தட்டைக் கவிழ்ப்பது பெரிய வேலையல்ல. இப்போது அந்த அம்மாளுக்கு மாதம் ஒரு பிடி புதினா போகிறது. அவரிடமிருந்து சோயிக்கீரை விதை மேலே வந்திருக்கிறது.

பாரம் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் செம்மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் முப்பது கிலோ ஆகும். முறையாகக் கட்டிய வீடுகளில் பால்கனி சதுர மீட்டருக்கு 300 கிலோ தாங்க வேண்டும் என்பது கட்டிட விதி. சந்துக்குள் மேஸ்திரியை வைத்து வீட்டுக்காரர் எழுப்பிய மூன்று மாடியில் அந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். தென்னை நார்க் கழிவு கலந்தால் பாரம் பாதியாகக் குறையும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக வருகிறது.

குடியிருப்புச் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பல இடங்களில் பால்கனியில் தொட்டியே வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதே, வெளியே தொங்கவிடாதே என்பது நியாயம். விழுந்தால் உயிர் போகும். உள்பக்கம் தரையில் வைப்பவனையும் தடுப்பானேன்? கட்டிடத்தின் முகப்பு ஒரே மாதிரி தெரிய வேண்டுமாம். துணிக்கொடியையும் குளிர்சாதனப் பெட்டியையும் பொறுத்துக்கொள்ளும் முகப்பு, ஒரு துளசியையும் பச்சை வலையையும் பொறுக்காதா? அன்றியும், பெரிய குடியிருப்புகளில் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. சுத்தம் செய்த நீரில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. ஒவ்வொரு மாடியிலும் வேண்டாம், கீழ்த்தளத்தில் ஒரே ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரைக்கு அந்த நீர் ஆகாது. பூச்செடிக்கும் கறிவேப்பிலைக்கும் தாராளமாக ஆகும். வாளியோடு வந்து பிடித்துக்கொண்டு போகிறோம்.

அந்தக் குழாயடிக்கு முதலில் வரவேண்டியவர்கள் வேறு சிலர். அதே குடியிருப்பின் புல்தரையை வெட்டுகிறவர், படி கூட்டுகிற அம்மாள், இரவுக் காவலாளி; இவர்களில் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்தவர்கள் எத்தனையோ பேர். மதில் சுவருக்கு அப்பால் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். பால்கனி ஏது? ஆனாலும் கொட்டகை வாசலில் உடைந்த வாளியில் ஒரு மிளகாய்ச் செடி, பழைய சேலையைக் கிழித்துக் கட்டிய நிழல். போன மாதம் அந்த வழியாகப் போனபோது அந்தச் செடியில் எண்ணினேன், பதினேழு காய். அதற்கு ஊற்றுவதற்காக, காலையில் முறை வைத்துப் பிடித்த ஒரு குடத்தில் கால்வாசியை எடுத்து வைக்கிறாராம் அந்த வீட்டு அம்மாள். சுவருக்கு இந்தப் பக்கம் சுத்திகரித்த நீர் சாக்கடையில் ஓடுகிறது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்து மூலமாகக் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்பும் நம்மவர்கள் தத்தம் குடியிருப்புகளிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.